12 கோப்பைகள்: ஆட்களா, கோச்சா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி 12 முறை தேசியச் சாம்பியன் ஆகியிருக்கிறது. நாட்டிலுள்ள நல்ல ஆட்டக்காரிகளையெல்லாம் பள்ளியிலிருந்தே அள்ளிக்கொண்டு போனால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள், இதில் கோச்சின் சாமர்த்தியம் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உங்கள் மகள் கல்லூரி அணியில் ஆடுகிறாள், இவர்களுடைய ஆட்டங்களை அவளுக்குப் போட்டுக் காட்டினால் பிரயோஜனம் உண்டா என்று கடைசியில் ஒரு வரி. எனக்கென்னவோ உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று படுகிறது. எல்லா வசதியும் இருக்கிறவர்களைப் பார்த்து, சிமென்ட் தரையில் ஆடுகிற பிள்ளைகள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறீர்கள்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். 26 வருடமாக ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். கனெக்டிகட்டுக்குப் போனதில்லை, அவர்கள் பயிற்சியை நேரில் பார்த்ததும் இல்லை. அங்கே இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை. காபி டம்ளரும் கையுமாகப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன், அவ்வளவுதான். அதனால் கீழே சொல்வதில் வரலாறு உறுதியானது. அதிலிருந்து நான் எடுக்கிற முடிவு என் அபிப்பிராயம்.

வரலாறு என்ன சொல்கிறது என்றால், "ஆட்களை அள்ளினார்கள்" என்பது கதையின் இரண்டாம் பாதி. முதல் பாதியில் அள்ளுவதற்கு அவர்களிடம் ஒன்றுமே இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ் ஒரு கிராமப்புறம். 1881ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம், இன்றைக்கும் வளாகத்தில் மாடுகள் உண்டு. 1972ல் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது, விளையாட்டிலும்தான். அந்த அலையில் 1974ல் தொடங்கிய பல அணிகளில் இதுவும் ஒன்று. முதல் 11 வருடத்தில், தோற்றதைவிட அதிகம் ஜெயித்த சீசன் ஒன்றே ஒன்றுதான். 1985ல் ஜீனோ ஓரியெம்மா என்ற 31 வயதுக்காரர் கோச்சாக வருகிறார். இத்தாலியில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோரோடு பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்தவர். அதற்கு முன் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் துணைக் கோச். அவரோடு துணைக் கோச்சாக வந்தவர் கிறிஸ் டெய்லி. ஓரியெம்மாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் டெய்லியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அணியின் ஒழுங்கு அவர் கையில் என்பார்கள். சட்டை நுனி வெளியே தொங்கக் கூடாது. ஜெர்சியின் முதுகில் ஆட்டக்காரியின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கோப்பைகள் வந்த பிறகும் அது மாறவில்லை.

அவர்கள் வந்தபோது ஆடிய அரங்கின் கூரை மழைக்கு ஒழுகும். முதல் சீசனில் 12 வெற்றி, 15 தோல்வி. அந்த நிலையில் எந்த நட்சத்திரம் வந்து சேருவாள்? கெர்ரி பாஸ்கம் என்று நியூ ஹாம்ப்ஷயரின் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். 1989ல் அவர்கள் லீகான 'பிக் ஈஸ்ட்'டில் முதல் பட்டம். 1991ல் முதல் முறையாக 'ஃபைனல் ஃபோர்', அதாவது தேசிய நாக்-அவுட்டின் அரையிறுதி. அங்கே ஓரியெம்மாவின் பழைய வீடான வெர்ஜீனியாவிடமே தோற்றார்கள். கவனியுங்கள், ஆறே வருடத்தில் ஒழுகும் கூரையிலிருந்து கடைசி நான்குக்கு வந்துவிட்டார்கள். நாட்டின் முதல் பத்து வீராங்கனைகள் வரிசையில் நின்று சேர்ந்த காலம் அல்ல அது. அவர் வேறு எந்த ஊருக்குப் போயிருந்தாலும் இதே கதைதானா என்றால், அங்கே எனக்குச் சந்தேகம் உண்டு. கனெக்டிகட்டில் கிரிக்கெட்டுக்கு சென்னை அணி இருப்பது மாதிரி ஆண்களுக்கான பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. இருந்த ஒரே ஐஸ் ஹாக்கி அணியும் 1997ல் ஊரைவிட்டுப் போய்விட்டது. 1994 முதல் மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி இந்தப் பெண்களின் ஆட்டங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பாட்டிகளெல்லாம் ஆட்டக்காரிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாநிலம் அது. இந்தக் காற்று எல்லா ஊரிலும் அடிக்காது.

அந்தக் காலத்துப் பெரிய அணி டென்னசி. அதன் கோச் பேட் சம்மிட் 1974ல் 22 வயதில் பொறுப்பேற்றவர். அணியின் வேனை அவரே ஓட்டி, ஜெர்சிகளை அவரே துவைத்து அணியை வளர்த்தவர். 2012 வரை 1,098 வெற்றி, எட்டு தேசியப் பட்டம். இந்த இரண்டு அணிகளும் முதன்முதலில் மோதியது 1995 ஜனவரி 16. தொலைக்காட்சிக்காக ஏற்பாடான ஆட்டம். யார் நாட்டில் முதலிடம் என்று திங்கட்கிழமை வெளியாக வேண்டிய தரவரிசையை இந்த ஆட்டம் முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கனெக்டிகட் 77-66 என்று ஜெயித்தது. ஏப்ரலில் மினியாபொலிஸில் இறுதிப் போட்டி, மறுபடி அதே டென்னசி, 70-64. சீசன் முழுக்க 35 ஆட்டம், 35 வெற்றி. ரெபெக்கா லோபோ என்ற உயரமான பெண் அந்த ஊரில் சினிமா நட்சத்திரம் மாதிரி ஆனாள். நீங்கள் சொல்கிற "அள்ளுதல்" அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

அள்ளினார்கள், மறுக்கவில்லை. கலிபோர்னியாவில் வளர்ந்த டயானா டராசி நாட்டின் மறுகோடிக்கு வந்து சேர்ந்தாள். 2002 அணியில் சூ பேர்ட், ஸ்வின் கேஷ், ஆஷா ஜோன்ஸ், டமிகா வில்லியம்ஸ் நால்வரும் கடைசி வருட மாணவிகள்; அந்த வருடத் தொழில்முறை லீக் தேர்வில் முதல் ஆறு இடங்களில் நான்கு இவர்களுக்கு. அப்படிப்பட்ட அணி 39-0 என்று போனதில் ஆச்சரியம் என்ன என்பீர்கள். சரி. ஆனால் அந்த நால்வரும் போன பிறகு 2003, 2004 இரண்டு வருடமும் கோப்பை இவர்களுக்கே வந்தது. எப்படி என்று கேட்டதற்கு ஓரியெம்மா கோச்சிங் தத்துவம் எதுவும் பேசவில்லை. எங்களிடம் டயானா இருக்கிறாள், அவர்களிடம் இல்லை என்றார். உங்கள் கட்சிக்கு அவரே சாட்சி சொன்ன இடம் அது.

அப்புறம் மாயா மூர். அவள் ஆடிய நான்கு வருடத்தில் 150 வெற்றி, 4 தோல்வி. 2008 நவம்பர் தொடங்கி 2010 டிசம்பர் 30 அன்று ஸ்டான்ஃபோர்டிடம் தோற்கும் வரை தொடர்ந்து 90 வெற்றி. ஆண்கள் பக்கத்தில் யு.சி.எல்.ஏ. 1970களில் வைத்திருந்த 88ஐ அது தாண்டியது. அதற்கப்புறம் ப்ரியானா ஸ்டூவர்ட்: 2013 முதல் 2016 வரை நான்கு வருடம், நான்கு பட்டம், நான்கிலும் ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரி விருது. இவற்றை ஆளின் கணக்கில் எழுதுவதா, கோச்சின் கணக்கில் எழுதுவதா? பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற அன்னம் வந்தால்தான் உண்டு. ஒன்று மட்டும் சொல்வேன். 2010 இறுதிப் போட்டியைப் பாருங்கள். மூர், டினா சார்ல்ஸ் என்று இரண்டு பெரும் நட்சத்திரங்கள் இருந்தும் முதல் பாதி முழுக்க கனெக்டிகட் எடுத்தது 12 புள்ளி. ஸ்டான்ஃபோர்ட் 20. ரிங்கே மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியில் 53-47 என்று ஜெயித்தார்கள். பந்து விழாத நாளில் உங்களிடம் மிஞ்சுவது டிஃபென்ஸும் ரீபவுண்டும்தான். இரண்டும் தினசரிப் பயிற்சியில் வருகிறவை.

அந்தப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு உதவுகிற பகுதி இதுதான். கனெக்டிகட் அணி பயிற்சியில் மோதுவது பெரும்பாலும் ஆண் மாணவர்களோடு. பல்கலைக்கழக ஆண்கள் அணியில் இடம் கிடைக்காத, ஆனால் பள்ளியில் நன்றாக ஆடிய பையன்கள் சம்பளம் இல்லாமல் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். விதிகள் இதை அனுமதிக்கின்றன; சம்மிட்டும் இதைச் செய்தவர்தான். ஓரியெம்மா அதோடு நிற்பதில்லை. சில சமயம் ஐந்து பெண்களுக்கு எதிராக ஆறு, ஏழு, எட்டுப் பையன்களைக்கூட நிறுத்துவார். நியாயமே இல்லாத ஆட்டம்.

நான் இதை ஒரு வருடம் செய்து பார்த்தேன். பையன்களைக் கல்லூரிக்குள் விட அனுமதி வாங்கவே மூன்று மாதம் இழுத்தது, அது தனிக் கதை. ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்தினேன். முதல் வாரம் எங்கள் பிள்ளைகளால் பந்தைப் பாதிக் கோடு தாண்டிக் கொண்டுபோக முடியவில்லை. பந்தை முன்னே கொண்டுபோக வேண்டிய பாயின்ட் கார்டு பெண், அதை எனக்கு எதிரேயே தரையில் ஓங்கி அடித்துவிட்டு, மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது வாரத்தில் ஒன்று நடந்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகிற டிரிபிள் சத்தம் குறைந்தது. சிமென்ட் தரையில் டப் டப் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் இரண்டு மூன்று தட்டோடு நின்று, பந்து கையிலிருந்து கைக்குப் பறக்கத் தொடங்கியது. காரணம் எளிது. பந்தோடு நின்றால் இரண்டு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். பந்து இல்லாதவள் சும்மா நின்றால் பாஸ் கொடுக்க ஆளே இல்லை. ஆகவே கொடு, வெட்டி ஓடு, வெற்றிடத்தில் நில், வாங்கு. நான் வருடக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியதை அந்த ஏழு பையன்கள் மூன்று வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருடம் நாங்கள் கோப்பை வாங்கிவிட்டோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். வாங்கவில்லை, அரையிறுதியில் தோற்றோம். ஆனால் வழக்கமாகப் பதறிப்போகிற கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் பதறவில்லை.

இவர்களைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை என்பதற்கும் சில விஷயங்கள் உண்டு. 2013 முதல் 2020 வரை அவர்கள் ஆடியது பிக் ஈஸ்ட்டில் அல்ல, வேறொரு லீக்கில்; அது பலவீனமானது. ஏழு வருடத்தில் லீக் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதைச் சாதனை என்பதைவிட, எதிரே சரியான ஆள் இல்லை என்றுதான் சொல்வேன். டென்னசியோடான வருடாந்திர ஆட்டத்தை 2007க்குப் பிறகு சம்மிட் நிறுத்திவிட்டார். மாயா மூரைச் சேர்த்த விதம் பற்றி டென்னசி புகார் கொடுத்ததும், ஒரு தொலைக்காட்சி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தது சிறிய விதிமீறல் என்று முடிவானதும் பதிவில் இருக்கிறது. நிறுத்தியதற்கு முழுக் காரணம் அதுதானா என்பதை சம்மிட் வெளிப்படையாகச் சொல்லாமலேயே 2016ல் காலமானார். அவருக்கு மறதி நோய் என்று 2011ல் தெரிந்தபோது, அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு ஓரியெம்மா 10,000 டாலர் கொடுத்தார். மனிதர்கள் அப்படித்தான், ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது.

இன்னொன்று 1998ல் நடந்தது. நைகீஷா சேல்ஸ் என்ற பெண் பாஸ்கமின் மொத்தப் புள்ளிச் சாதனையான 2,177ஐ எட்ட ஒரே புள்ளி பாக்கி இருக்கும்போது குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிந்துபோனது. அடுத்த ஆட்டம் வில்லனோவாவோடு. ஓரியெம்மா எதிரணிக் கோச்சிடம் பேசினார், பாஸ்கமிடமும் சம்மதம் கேட்டார். ஆட்டம் தொடங்கியதும் சேல்ஸ் ரிங்குக்குக் கீழே கட்டுப்போட்ட காலோடு நின்று, யாரும் தடுக்காமல் பந்தைப் போட்டாள். பதிலுக்கு வில்லனோவாவும் தடுப்பில்லாமல் ஒன்று போட்டது. 2-2 என்று ஆட்டம் தொடர்ந்தது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். விளையாட்டில் ஒரு புள்ளியில் நழுவுவதும் சேர்த்தி. ஆனால் அந்தப் பெண்ணை நாலு வருடம் தினமும் பார்த்தவர் எடுத்த முடிவு என்பதால், அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

"இவர்கள் ஆதிக்கம் பெண்கள் ஆட்டத்தையே கெடுக்கிறது" என்ற பேச்சு உச்சத்துக்குப் போனது 2016ல். மிசிசிப்பி ஸ்டேட் அணியை நாக்-அவுட்டில் 98-38 என்று அடித்தார்கள். 60 புள்ளி வித்தியாசம். ஒரு வருடம் கழித்து ஃபைனல் ஃபோரில் அதே இரண்டு அணி. கனெக்டிகட் அப்போது தொடர்ந்து 111 வெற்றியில் இருந்தது. நமக்கு 2017 ஏப்ரல் 1 காலை. அதனால்தான் அன்றைக்கு நான் முடிவை அனுப்பியபோது தோழிகள் யாரும் நம்பவில்லை. கூடுதல் நேரத்தில் 64-64. பந்து கனெக்டிகட் கையில்தான் இருந்தது, கோட்டைவிட்டார்கள். பந்தை வாங்கிய மார்கன் வில்லியம் ஐந்தடி ஐந்தங்குலப் பெண். வழக்கமான நேரத்தின் கடைசி விநாடியில் அவள் போட்ட பந்தை அவளைவிட அரையடி உயரமான கேபி வில்லியம்ஸ் தட்டிவிட்டிருந்தாள். இப்போதும் எதிரே அதே கேபி. மார்கன் உள்ளே ஓடுவதுபோல் போய்ச் சட்டென்று நின்று எம்பினாள். சைரனும் பந்தும் ஒன்றாக இறங்கின. 66-64. கேமரா ஓரியெம்மாவைக் காட்டியது, மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆதிக்கம் மற்றவர்களைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்பதில் என் பதில் அந்த ஆட்டம்தான். இது ஒரே உதாரணம், நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும்.

அதற்கப்புறம் வந்த வருடங்கள்தான் உங்கள் கேள்விக்கு நல்ல சோதனை. 2016க்குப் பிறகும் ஆள் பஞ்சம் இல்லை, ஆனால் எட்டு சீசன் கோப்பை இல்லை. டான் ஸ்டேலி கோச்சாக இருக்கும் தென் கரோலினா 2017, 2022, 2024 என்று மூன்று தட்டிப் போனது. 2022 இறுதிப் போட்டியில் தோற்றது ஓரியெம்மா இறுதிப் போட்டியில் தோற்ற முதல் முறை. அதற்கு முன் 11க்கு 11. கனெக்டிகட்டின் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022ல் முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போனது, அணியின் இன்னொரு நட்சத்திரம் ஆஸி ஃபட்டுக்கு 2023ல் அதே கதை. 2024 அரையிறுதியில் அயோவாவிடம் 71-69. கடைசி விநாடிகளில் கனெக்டிகட் பெண் ஒருத்தி நகர்ந்து ஸ்க்ரீன் வைத்ததாக, அதாவது அசையாமல் நிற்காமல் எதிராளியை மறித்ததாக ஒரு விசில், அதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. நல்ல ஆட்கள் இருந்தாலே கோப்பை என்றால் இந்த இடைவெளி வந்திருக்கக் கூடாது. நல்ல கோச் இருந்தாலே கோப்பை என்றாலும் வந்திருக்கக் கூடாது. ஆள், கோச், காயமில்லாத முழங்கால் மூன்றும் ஒரே வருடத்தில் சேர வேண்டும். 2025ல் சேர்ந்தது. தென் கரோலினாவை 82-59 என்று அடித்து 12வது பட்டம். ஓரியெம்மாவுக்கு அப்போது வயது 71. முந்தைய நவம்பரில்தான் 1,217வது வெற்றியோடு கல்லூரிக் கூடைப்பந்தின் எல்லாக் கோச்சுகளையும் தாண்டியிருந்தார்.

ஆகவே மகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் பந்து விழுவது மட்டும்தான் தெரியும். 2025 இறுதிப் போட்டியை முழுதாகப் போடுங்கள். ஃபட்டும் சாரா ஸ்ட்ராங்கும் ஆளுக்கு 24 புள்ளி எடுத்திருப்பார்கள், பெக்கர்ஸ் 17தான். முதல் தடவை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது தடவை பந்தைப் பார்க்காமல் பெக்கர்ஸை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: பந்து கையில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறாள், எப்போது ஓடத் தொடங்குகிறாள், அவள் ஓடியதால் யாருக்கு இடம் கிடைக்கிறது. ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். முழங்காலைக் காப்பாற்ற, ஆட்டத்துக்கு முன்னதாக இருபது நிமிடம் வார்ம்-அப், அதில் மட்டும் சலுகை கொடுக்காதீர்கள்.